கடலோரச் செடிகளைப் பார்க்க ஜூன் மாதம் நல்ல மாதம்தான்

காரைக்குடிப் பக்கத்துக் கோட்டையூரிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார். சிங்கப்பூரில் படிக்கும் பேத்தியும் பேரனும் ஜூன் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறார்கள். பேத்திக்கு மரம், செடி என்றால் உயிர். அங்குள்ள பெரிய தாவரவியல் பூங்காவைப் பலமுறை சுற்றியவள். நம் பக்கத்தில் கடலோரமாகச் சிறிய தாவரவியல் பூங்கா ஏதும் உண்டா, இல்லை புதுச்சேரிக்குத்தான் போக வேண்டுமா, அப்படியே போனாலும் இந்த வெயிலில் காய்ந்த புல்லைத் தவிரப் பார்க்க என்ன இருக்கும் என்பது அவருடைய கேள்வி.

ஆச்சி, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கோடையில் பார்க்க ஒன்றும் இராது என்ற எண்ணம் நம் ஊரில் எல்லோரிடமும் இருக்கிறது. புல்லைப் பற்றி அது சரி. கடற்கரையை ஒட்டிய நம் சொந்த மரங்களைப் பற்றி அது சரியல்ல. அவை கோடைக்கென்றே உருவானவை. அவற்றின் திறமை வெளிப்படுவது மழைக்காலத்தில் அல்ல, ஜூன் மாதத்தில்தான். கார்த்திகையில் எல்லாமே பச்சையாக இருக்கும். எது கெட்டிக்கார மரம், எது மழையை நம்பிப் பிழைக்கும் மரம் என்று அப்போது தெரியாது.

நமக்கு மழை பெரும்பாலும் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வருகிறது. தை பிறந்தால் நின்றுவிடும். அதன்பின் சித்திரை, வைகாசியில் ஒன்றிரண்டு கோடை மழை. ஆடி கழிந்து ஆவணியில் இடி மழை தொடங்கும்வரை ஆறேழு மாதம் மண் வறண்டு கிடக்கும். மேற்குமலை அடிவாரத்துத் தேக்கும் வேங்கையும் இப்படிப்பட்ட வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். ஆனால் ஆந்திராவின் தெற்குக் கரையிலிருந்து ராமநாதபுரம் வரை கடலை ஒட்டிய பட்டையில் இயற்கையாக வளரும் காடு இலையை உதிர்ப்பதில்லை. வனவியலார் இதை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். சாம்பியன், சேத் என்ற இருவர் 1968-இல் இந்தியக் காடுகளை வகைப்படுத்தியபோது இதற்குத் தனி இடமே கொடுத்தார்கள். வறட்சியும் உண்டு, பசுமையும் மாறாது என்பதுதான் இதன் தனித்தன்மை. உயரமான காடு அல்ல. மரங்கள் பெரும்பாலும் முப்பது, நாற்பது அடிக்குள் நின்றுவிடும். பேத்தி பார்த்துப் பழகிய சிங்கப்பூர்க் காட்டுக்கு இது நேர் எதிர்.

எப்படிப் பச்சையாகவே நிற்கிறது? ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். சிறியது, தடித்தது, தோல்போல விறைப்பானது. மேலே மெழுகுப் பூச்சு, அதனால் பளபளப்பு. நீர் வெளியேறும் நுண்துளைகள் பெரும்பாலும் வெயில் படாத அடிப்பக்கத்தில் இருக்கும். இப்படி ஓர் இலையைச் செய்ய மரத்துக்குச் செலவு அதிகம். ஆண்டுக்கு ஒன்றாக வாங்கும் கண்டாங்கிச் சேலை அல்ல இது, பெட்டியில் வைத்துக் காக்கும் பட்டு. எனவே எளிதில் உதிர்க்காது. வேரும் ஆழமாக இறங்குகிறது. கடற்காற்றின் ஈரமும் கொஞ்சம் கைகொடுக்கிறது.

இன்னொன்றும் உண்டு. இந்த மரங்களில் பல, வறட்சிக் காலத்திலேயே பூத்துக் காய்த்துவிடுகின்றன. விதை கீழே விழுந்த சில வாரங்களில் மழை கிடைக்க வேண்டும் என்ற கணக்குத்தான். நம் இலுப்பையையும் வேம்பையும் பாருங்கள். இலுப்பை பங்குனி, சித்திரையில் பூத்து ஆனியில் பழுக்கிறது. வேம்பும் ஏறத்தாழ அப்படியே. இரண்டின் விதையும் நெடுநாள் முளைப்புத்திறனோடு இருக்காது. பழுத்த கையோடு மண்ணில் சேர வேண்டும். ஜூனில் வரும் பிள்ளைகளுக்குப் பூவைவிடப் பழமும் விதையுமே கண்ணில் படும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது குறையே அல்ல.

சிங்கப்பூர்ப் பூங்காவோடு போட்டிபோட வேண்டிய தேவையும் உங்களுக்கு இல்லை. அது 1859-இல் தொடங்கியது. 2015-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதுவும் எல்லா மாதமும். சிவகங்கைச் சீமைக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர், அதிலும் பெரும்பங்கு சில வாரங்களில். அகலமான, மெல்லிய, சொட்டச் சொட்ட நனைந்த இலைகளையே பார்த்த பெண்ணிடம் இந்தக் காட்டு மரமான வீரையின் இலை ஒன்றைக் கொடுத்து மடக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு ஊர்களின் மழையும் அவளுக்கு விரல்நுனியில் புரிந்துவிடும்.

இனி இடங்கள். புதுச்சேரித் தாவரவியல் பூங்கா 1826-இல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்தது. பழைய மரங்களும் நிழலும் உண்டு. நகருக்குள் இருப்பதால் போய்வரவும் எளிது. ஆனால் அந்தக் காலத்துக் குடியேற்றப் பூங்காக்களின் நோக்கமே வெளிநாட்டுப் பயிர்களையும் மரங்களையும் கொண்டுவந்து இந்த மண்ணில் பழக்கிப் பார்ப்பது. நம் கடற்கரையின் சொந்தத் தாவரங்களைப் பார்க்க வேண்டும் என்றால் அது முதல் இடம் அல்ல. காரைக்குடியிலிருந்து ஐந்தாறு மணி நேரம் காரில் உட்கார்ந்து போய் அந்த ஒன்றை மட்டும் பார்த்துத் திரும்புவதை நான் சொல்ல மாட்டேன். வேறு வேலையாகப் போய் ஓர் இரவு தங்குவதாக இருந்தால், அருகிலுள்ள ஆரோவில் தாவரவியல் பூங்காவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டில் வெறும் பொட்டலாகக் கிடந்த 50 ஏக்கரில் தொடங்கியது. நான் மேலே சொன்ன உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களை வளர்த்துக் காப்பதே அதன் முக்கியமான வேலை. காட்டை அழித்த இடத்தில் அதை மறுபடி எப்படி உண்டாக்குவது என்பதைப் பேத்தி அங்கே கண்ணால் பார்க்கலாம். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் தயங்காமல் ஆரோவில்தான்.

வேதாரண்யத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உப்பு நிலத்தில் வாழும் தாவரங்களுக்கென்றே ஒரு மரபணுத் தோட்டம் அமைத்திருக்கிறது. நீங்கள் கேட்ட 'கடலோரச் சிறிய தாவரவியல் பூங்கா' என்பதற்கு மிகப் பொருத்தமானது அதுதான். ஆனால் அது ஆராய்ச்சிக்கான இடம். முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்காமல் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் வாசலில் நிற்க வேண்டாம். அனுமதி கிடைத்தால் அதோடு கோடியக்கரையையும் பார்த்துவிடலாம். 1967 முதல் சரணாலயமாக இருக்கும் அந்தக் காட்டில் உலக்கைப் பாலை மரம் ஏராளம். கோடையில் மஞ்சளாகப் பழுக்கும். பழம் இனிப்பாக இருக்கும், பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். சரணாலயத்துக்குள் அதைப் பறிக்கக் கூடாது. சந்தையில் கூடையில் வந்தால் வாங்கிக் கொடுங்கள். உள்ளே விடும் நாளும் நேரமும் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் உங்கள் வீட்டிலிருந்து ஒரே நாளில் போய்வர ஒரு சுற்று இருக்கிறது. பலகை வைத்த பூங்கா எதுவும் அதில் இல்லை. என்னைக் கேட்டால் பேத்திக்கு இதுதான் எல்லாவற்றையும்விட நல்லது. காரங்காட்டு அலையாத்திக் காடு, தொண்டிக் கடற்கரை, திருப்புனவாசல், ஆவுடையார்கோயில் என்று தெற்கிலிருந்து வடக்காக ஏறி, அறந்தாங்கி வழியாகக் காரைக்குடிக்குத் திரும்புவது. எல்லாம் சேர்த்து 200 கிலோமீட்டருக்குள் அடங்கும். வரிசை முக்கியம்: கடலை முதலில் பாருங்கள், கோயிலைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். பலரும் ஆவுடையார்கோயிலில் தரிசனம் முடித்துக்கொண்டு, நண்பகலில் கடற்கரைக்குப் போய் மணல் சுட்டு, பத்து நிமிடத்தில் காருக்குள் ஏறிவிடுகிறார்கள். அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் தேவகோட்டை, திருவாடானை, தொண்டி தாண்டி ஏழு மணிக்குள் காரங்காட்டில் இருக்கலாம்.

காரங்காடு ராமநாதபுரம் மாவட்டத்தில் பாக் விரிகுடாவை ஒட்டிய மீனவ ஊர். அங்கே வனத்துறை, ஊர் மக்களைச் சேர்த்துக்கொண்டு படகில் அலையாத்திக் காட்டைச் சுற்றிக் காட்டுகிறது. காற்று பலமாக இருந்தால் படகு விட மாட்டார்கள். ஜூனில் கச்சான் என்னும் மேல்காற்று வலுத்து வீசும் நாட்களும் உண்டு. எனவே முந்தைய நாளே தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அங்கே பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது மூன்று. முதலாவது வேர். அலையாத்தி மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல் தடிமனில் ஆயிரக்கணக்கான குச்சிகள் மேல்நோக்கி நிற்கும். அவை இளஞ்செடிகள் அல்ல, வேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது. வேர் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். குச்சியின் மேல் பொடிப்பொடியாகத் தெரியும் புள்ளிகள் வழியாகத்தான் காற்று உள்ளே போகிறது. பாக் விரிகுடாவில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே நீர் வற்றும் நேரத்தில் போனால்தான் இவை முழுதாகத் தெரியும். படகோட்டியிடம் கேட்டால் அன்றைய வற்று எத்தனை மணிக்கு என்று சொல்லிவிடுவார்.

இரண்டாவது உப்பு. இது கோடையில்தான் நன்றாகத் தெரியும் என்பதற்காகவே தனியாகச் சொல்கிறேன். அலையாத்தி இலை, வேர் வழியாக உள்ளே வந்த உப்பைத் தன் சுரப்பிகளால் வெளியே தள்ளிவிடுகிறது. மழைக்காலத்தில் அந்த உப்பைத் தண்ணீர் கழுவிவிடும். மழையில்லாத ஜூன் காலையில் இலையின் மேல் அது மாவுபோல், சில சமயம் மின்னும் துகளாகவே உட்கார்ந்திருக்கும். விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் இலை எது என்று படகோட்டி கைகாட்டிய பிறகுதான். காரணம் மூன்றாவது மரம்.

தில்லை. சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த மரம். இன்று அந்தக் கோயிலுக்குள் அது இல்லை, பிச்சாவரத்துச் சதுப்பில்தான் இருக்கிறது. சேற்று நிலமும் உப்புநீரும் உள்ள நம் கரைகளிலும் தென்படலாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, தோலில் பட்டால் கொப்புளம். உதிரும் முன் இலை சிவந்து அழகாக இருக்கும். பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் பறிக்கக் கை நீட்டுவார்கள். பேரனிடம் இதைப் படகில் ஏறும் முன்பே சொல்லி வையுங்கள்.

பறவைகளை எதிர்பார்த்துப் போக வேண்டாம். வலசை வரும் கூட்டங்கள் மழைக்குப் பின், மார்கழி, தை மாதங்களில்தான். ஜூனில் கொக்கும் நாரையும் மீன்கொத்தியும் இருக்கும், அவ்வளவுதான்.

திரும்பும்போது தொண்டிப் பக்கம் மணற்கரையில் அரை மணி நேரம் இறங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம்; அதற்குள் போனால் படகுகள் கரையில் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். மணலில் படர்ந்திருக்கும் கொடி அடும்பு. ஆட்டுக் குளம்பைப்போல் நடுவில் பிளந்த இலை, கத்தரிப்பூ நிறத்தில் பூ. காலையில் விரிந்து பிற்பகலில் வாடிவிடும் பூ என்பதால் இதற்கும் காலைதான் நேரம். சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்தைப் பாடும்போதெல்லாம் இந்தக் கொடி வருகிறது. இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் அதே மணலில், அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பறக்கவிடாமல் பிடித்துவைப்பதுதான் அந்த வேலை. பக்கத்திலேயே இராவணன் மீசைப் புல் இருந்தால் பேரனுக்குக் காட்டுங்கள். அதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் முள்முள்ளான பந்து முற்றியதும் கழன்று, காற்றில் மணல்மேல் உருண்டு ஓடி விதை பரப்பும். கச்சான் வீசும் நாளில் அதைத் துரத்தி ஓடுவதே அவனுக்குப் போதும்.

அலை ஒதுக்கிய குப்பையில் பச்சையும் பழுப்புமாகப் பட்டை பட்டையாகக் கிடப்பதைக் கடற்பாசி என்று தள்ளிவிடாதீர்கள். அதில் பெரும்பாலும் கடற்புல் இருக்கும். வேர், தண்டு, இலை, பூ எல்லாம் உள்ள முழுமையான தாவரம். கடலுக்கு அடியிலேயே பூத்து, அங்கேயே மகரந்தம் சேர்ந்து, அங்கேயே விதைவிடுகிறது. ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் கடற்பசுவுக்கு அதுதான் உணவு. 2022-இல் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையோரமாகப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாம் சாப்பிடும் நண்டும் இறாலும் குஞ்சாக இருக்கும்போது ஒளிந்து வளர்வதும் அந்தப் புல்வெளியில்தான். எந்தத் தாவரவியல் பூங்காவும் இதை நட்டுக் காட்ட முடியாது. கரையில் ஒதுங்கிய ஒரு பட்டையை எடுத்து உப்புநீரில் அலசி, வெள்ளைத்தாளில் விரித்துவைத்துப் பாருங்கள். இலையும் கணுவும் வேரும் தெளிவாகத் தெரியும்.

பத்து மணிக்குமேல் கடற்கரையில் நிற்காதீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் திருப்புனவாசல். தேவாரம் பாடிய பாண்டிநாட்டுத் தலங்கள் 14-இல் ஒன்று. இங்கே தலமரம் ஒன்றல்ல, நான்கு: சதுரக்கள்ளி, குருந்து, மகிழம், புன்னை. யுகத்துக்கு ஒரு மரம் என்பது தலபுராணம். செடி பார்க்கும் கண்ணோடு பார்த்தால் இந்த நான்கும் சேர்ந்து இந்தக் கரையின் வறட்சியைத் தாங்கும் வழிகளையே சொல்கின்றன. சதுரக்கள்ளிக்கு இலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. தண்டே பச்சையாகி, நீரைச் சேமித்துக்கொண்டு, இலையின் வேலையையும் செய்கிறது. புன்னைக்குப் பெரிய இலை, ஆனால் தடித்து மெழுகேறியது. நெருக்கமாக ஓடும் நரம்புகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் காய் கடலில் மிதந்து வேறு கரை சேரும். விதை எண்ணெயை விளக்கெரிக்கவும் படகுக்குப் பூசவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். மகிழம்பூவை நீங்களே சொல்லித் தருவீர்கள்.

அங்கிருந்து ஆவுடையார்கோயில். உச்சிக்கால பூசைக்குப் பின் நடை சாத்திவிடுவார்கள்; அதற்குள் சேர்ந்துவிட வேண்டும். மாணிக்கவாசகருக்குக் குருந்த மரத்தடியில் உபதேசம் கிடைத்த திருப்பெருந்துறை இதுதான் என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. நான் சொல்ல வருவது அந்தக் குருந்தைப் பற்றி. அது உலர் பசுமைமாறாக் காட்டுக்கே உரிய மரம். எலுமிச்சைக் குடும்பம், முள் உண்டு, சின்ன எலுமிச்சையைப் போலவே காய்க்கும். இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம் வரும். நாரத்தை, எலுமிச்சையில் முட்டையிடும் பெரிய கறுப்பு வண்ணத்துப்பூச்சிகள் குருந்திலும் முட்டையிடும். இலைமேல் பறவை எச்சம்போலத் தெரியும் புழு இருந்தால் அது அந்தப் பூச்சியின் குஞ்சு. தலமரத்தில் எதையும் கிள்ளக் கூடாது, கீழே விழுந்த இலை போதும். திருவாசகம் பிறந்த கதையில் நிற்கும் மரம் எங்கிருந்தோ வந்த அலங்கார மரம் அல்ல, இந்தச் சீமையின் காட்டு மரம் என்பது எனக்கு எப்போதும் மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி. கோயிலில் கல் குளிர்ச்சியாக இருக்கும். வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தைப் பிள்ளைகள் அங்கே கல்கூரைகளின் வேலைப்பாட்டைப் பார்த்தபடியே கழிக்கட்டும். பிறகு சாப்பிட்டுவிட்டு அறந்தாங்கி வழியாக வீடு.

இந்தப் பயணத்துக்கு முன்போ பின்போ ஒரு மாலையை உங்கள் ஊர்ப் பக்கத்து அய்யனார் கோயிலுக்கு ஒதுக்குங்கள். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் இந்தக் கரையோரக் காடு இன்று மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கோயில்காடுகளாகத்தான். விறகுக்கோ வேலிக்கோ அங்கே ஒரு குச்சியும் ஒடிக்கக் கூடாது என்று ஊர் வைத்த கட்டுப்பாடுதான் அதைக் காப்பாற்றியது. சுற்றிலும் சீமைக் கருவேலம் அடைத்துக் கிடக்கும். நடுவில் மண் புரவிகளுக்குப் பின்னால் கருகருவென்று ஒரு திட்டு நிற்கும். அந்தத் திட்டுக்குள் வீரை, காயா, உலக்கைப் பாலை, குருந்து, ஆதண்டைக் கொடி, பிரண்டை என்று பாதிப் பட்டியல் இருந்துவிடும். வீரை கோடையில் சிறு சிவப்புப் பழம் தரும். காயா, கோடை மழை ஒன்று விழுந்தால் கிளையெல்லாம் ஊதா நிறத்தில் அப்பிக்கொண்டு பூக்கும்; திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று பாடியவர்கள் அந்த நிறத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஜூனில் பூ தீர்ந்து கறுத்த பழங்கள் இருக்கலாம். ஆதண்டங்காய் வற்றல் உங்கள் வீட்டு உக்கிராணத்துப் பானையில் இருந்திருக்கும். அந்தக் கொடியைப் பேத்தி பார்த்திருக்க மாட்டாள்.

பிரண்டையைத் தனியாகக் காட்டுங்கள். துவையலாக அவளுக்குத் தெரிந்திருக்கும். பெரும்பாலான தாவரங்கள் பகலில் நுண்துளைகளைத் திறந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன. அப்போது நீரும் ஆவியாகப் போய்விடுகிறது. பிரண்டை அந்தத் துளைகளை இரவில் திறக்கிறது. வெயில் தாழ்ந்த பிறகு வாயுவை உள்ளே வாங்கி அமிலமாகச் சேர்த்துவைத்துக்கொண்டு, பகலில் கதவைச் சாத்திவிட்டு உணவு தயாரிக்கிறது. பள்ளிப் பாடத்தில் படமாகப் படிப்பதை நம் வேலியில் ஏறிக்கிடக்கும் கொடியில் கையால் தொட்டுப் பார்க்கலாம் என்பது எவ்வளவு பெரிய வாய்ப்பு.

கோயில்காட்டுக்குள் நுழைவதற்கு ஊர்ப் பெரியவர் ஒருவரையோ பூசாரியையோ கேட்டுக்கொள்ளுங்கள். சில காடுகளில் சில இடங்களுக்கு எல்லோரும் போகும் வழக்கம் இல்லை. செருப்புப் போட்டுக்கொண்டு போகக் கூடாத எல்லையும் இருக்கும். இலைக் குவியலில் காலை வைக்காமல் தடத்திலேயே நடக்க வேண்டும், பாம்பு உண்டு. பொழுது சாயும் முன் வெளியே வந்துவிடுங்கள்.

வெயில் பற்றிச் சில வார்த்தை. ஜூனில் கத்திரி முடிந்திருந்தாலும் சூடு குறைந்துவிடாது. மேற்கிலிருந்து வறண்ட காற்று பலமாக வீசும் நாட்களில் கடற்காற்று பிற்பகல்வரை கரையேறாமலே இருக்கும். கடலோரம் என்பதால் குளிர்ச்சியாக இருக்கும் என்று நம்பி நண்பகலில் நடக்க வேண்டாம். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் வெயிலுக்குப் பழகியவர்கள்தான், ஆனால் அவர்களுடைய வெயில் ஈரமானது. இங்கே வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் தாகம் தெரியாமலே உடல் வறண்டுவிடும். கேட்கும்வரை காத்திராமல் அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் கொடுங்கள். உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பெரிய பாத்திரத்தில் காரிலேயே இருக்கட்டும். வழியில் நுங்கு, பதநீர் கிடைத்தால் வாங்கிக் கொடுங்கள். பனையும் இந்தக் கரையின் தாவரம்தானே. பருத்தி உடை, முழுக்கை, தொப்பி. யாருக்காவது தலைசுற்றி, பேச்சு குழறி, உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது சாதாரணக் களைப்பு அல்ல. நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் ஈரத்துணி போட்டு, விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். நீங்களும் உடன் போவதாக இருந்தால், படகில் ஏற இறங்கப் படி சரியாக இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி இருந்தால் கரையில் நிழலில் அமர்ந்திருப்பதே நல்லது.

பேத்தி கையில் ஒரு பூதக்கண்ணாடியும் கோடு போடாத நோட்டும் கொடுங்கள். எல்லாச் செடிக்கும் பெயர் சொல்ல வேண்டும் என்று முயல வேண்டாம். ஒரு நாளுக்கு ஏழெட்டுத் தாவரம் போதும். ஒவ்வொன்றிலும் இலை தடிப்பா, மெல்லியதா. மேல்பக்கமும் அடிப்பக்கமும் ஒரே நிறமா. கசக்கினால் வாசம் உண்டா. முள் எங்கிருந்து வருகிறது. கீழே விழுந்து கிடப்பது என்ன. இவ்வளவையும் எழுதி, இலையின் ஓரத்தைப் படமாக வரைந்துகொண்டால் பெயரைப் பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம். பெயரை முதலில் சொல்லிவிட்டால் பிள்ளைகள் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். பேரன் சிறுவன் என்றால் அவனுக்கு எழுத்து வேண்டாம். பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதக் கற்றுக் கொடுங்கள். அந்த மரத்தின் பூ காலையில் மஞ்சளாக இருந்து, வாட வாடச் சிவப்பதை ஒரே நாளில் பார்க்கச் சொல்லுங்கள்.

விதையோ செடியோ மண்ணோ சிங்கப்பூருக்கு எடுத்துப்போக நினைத்தால், அங்கே அதற்குக் கடுமையான விதிமுறைகள் உண்டு. படமும் குறிப்பும் போதும். நடுவதற்கு உங்கள் வீட்டுப் பின்கட்டுத் தோட்டமே இருக்கிறது. ஜூனில் பொறுக்கிய இலுப்பை விதையைச் சதையை நீக்கி அந்த வாரமே பையில் ஊன்றுங்கள். புன்னை விதையை ஓடோடு போட்டால் முளைக்க இரண்டு மாதம்கூட ஆகும். ஓட்டை மெல்லத் தட்டி விரிசல் விட்டுப் போட்டால் சீக்கிரம் வரும். கன்றாகவே வேண்டுமானால் வனத்துறை நாற்றங்காலில் கேட்டுப் பாருங்கள். இப்போது பையில் வளர்த்து, ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்ததும் தரையில் வையுங்கள். புன்னை அகலமாக விரியும் மரம். சுவரிலிருந்து இருபது அடியாவது தள்ளி நட வேண்டும்.